வழக்காளி தாமே வாதாடுங்கால்



கேகாலைப் பகுதியில் இறப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர், மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை அடுத்த லயத்தாருக்குக் கைமாற்றாகக் கொடுத்தார் என வைத்துக்கொள்வோம். பத்திரம் எழுதவில்லை. பணமும் திரும்பவில்லை. சட்டத்தரணிக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது சொற்பமே என்று கணக்கிட்டு, தாமே வழக்காடத் துணிகிறார்.

அவர் முதலில் செல்லவேண்டிய இடம் நீதிமன்றமன்று. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, குறித்த தொகைக்கு மேற்படாத கடன் பிணக்கு மத்தியஸ்த சபைக்கே முதலில் போதல் வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் எவர் சார்பிலும் தோன்றவியலாது. எம்போன்றோரின் பாடசாலைகளிலேயே பல சபைகள் வார இறுதியிற் கூடுகின்றன. பிள்ளைகளின் வாங்கில் அமர்ந்து பேசும்போது ஏழைக்கும் நாவெழுகிறது. இணக்கம் ஏற்படாவிடின் சபை வழங்கும் சான்றிதழைப் பெற்ற பின்னரே வழக்குத் தொடரலாம்.

நீதிமன்றத்திலோ நிலைமை வேறு. நம்மவர் வழக்கைக் கதையாகவே சொல்வர். திருவிழாவில் நடந்த வாய்ச்சண்டை, பெரியவர் காலத்துப் பகை யாவும் அதில் வரும். நீதிபதி அறிய விரும்புவதோ, பணம் எந்நாளில் கொடுக்கப்பட்டது, எவ்வளவு, கண்டவர் யார் என்பவற்றையே. இந்த முரண்பாட்டில் நியாயமான வழக்குகளும் தோற்கின்றன.

காலவரையறை மற்றோர் இடர். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, வாய்மொழிக் கடனுக்கு 3 ஆண்டுகளுக்குள் வழக்கிடவேண்டும். எழுத்திலான உறுதி இருப்பின் 6 ஆண்டுகள். கடையிற் கடனாக விற்ற பொருளுக்கு ஓராண்டே. “தீபாவளிக்குத் தருகிறேன்” என்ற சொல்லை மூன்று தீபாவளிகள் நம்பினால் வழக்கே இல்லாமற் போகும்! கையொப்பமிட்ட ஒரு துண்டுக் காகிதத்தை அப்போதே வாங்கியிருக்கலாம். உறவுக்காரரிடம் அதைக் கேட்க நம்மவர் கூசுகின்றனர்.

பெயரும் தொல்லை தருவதுண்டு. செக்றோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொன்று, லயத்தில் அழைப்பது மூன்றாவது. அழைப்பாணை யாருக்கு என்பதிலேயே ஒரு தவணை கழியும்.

எல்லாவற்றினும் பெரிது மொழி. இரத்தினபுரி, கேகாலை நீதிமன்றங்களில் நடவடிக்கைகள் சிங்களத்தில் நடைபெறும். ஆயினும், 1988 இல் திருத்தப்பட்ட அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, தமிழில் வழக்குரையைச் சமர்ப்பிக்கவும், நடவடிக்கைகளை விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பைப் பெறவும் வழக்காளிக்கு உரிமை தருகிறது. இதை அறியாதார் தலையசைத்து நிற்கின்றனர். தலையசைப்பு ஒப்புதலாகவும் கொள்ளப்படலாம். கேட்டாலோ, மொழிபெயர்ப்பாளர் அன்று இல்லையெனின் தவணை தள்ளிப்போகும். தோட்டத் தொழிலாளிக்கு அன்றைய பேர் விழாது. பஸ் கட்டணம் வேறு. நான்கு தவணைகளில் சிறு கடன் கரைந்துவிடுகிறது. உரிமையைக் கேட்பவரே இழப்பைச் சுமப்பது முறையன்று என்பது என் கருத்து.

சிறு கோரிக்கைகளுக்கான நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம் ஒன்று 2022 இல் நிறைவேற்றப்பட்டது. விரைவு நல்லதே, விளங்காத மொழியில் வரும் விரைவால் நம்மவர்க்கு என்ன பயன்?

வருமானம் குறைந்தோர் 1978 இல் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். செல்லுமுன், பள்ளிப் பிள்ளையைக்கொண்டு நடந்தவற்றைத் தேதி வாரியாக ஒரு தாளில் தமிழில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். அதனுடன் சபையின் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.