‘எங்களுக்குப் பிறகு யார்?’

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து வீடு திரும்ப இரவு எட்டு மணி தாண்டிவிடும். அப்பா, அம்மா இருவரும் உழைத்தால்தான் வாடகை கட்ட முடியும். பிழைக்க வந்த ஊரில் பார்த்துக்கொள்ளத் தாத்தா பாட்டியும் இல்லை. ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டா போக முடியும்? பாசம் குறைந்து அல்ல, வேறு வழியில்லாமல்தான் பலரும் காப்பகம் தேடுகிறார்கள்.

சேர்க்கும் முன், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி இல்லம் பதிவு பெற்றிருக்கிறதா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். சொல்லாமல் ஒருநாள் போய் நின்றால் பிள்ளையைக் காட்டுவார்களா என்றும் கேளுங்கள்.

18 வயது தாண்டிவிட்டால், பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி தானாகவே காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். நியமிக்கப்படும் காப்பாளர் 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து விவரத்தைத் தர வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் அவரை நீக்கச் சொல்லி உறவினர் விண்ணப்பிக்கலாம்.

‘பெரியவன் பார்த்துக்குவான்’ என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். உடம்பில் தெம்பு இருக்கும்போதே அந்த மனுவை எழுதிவிடுங்கள்.