கதிரை கப்பலில் வந்தது

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளும், தம்பி. நீர் இருக்கிற கதிரை, முன்னாலுள்ள மேசை, தட்டிலுள்ள பாண் மூன்றும் லத்தீன் வழிச் சொற்கள். 1505இல் கொழும்பில் கால்வைத்த போர்த்துக்கேயர் இறக்கியவை. அவர்களின் மொழி லத்தீனின் பிள்ளை. கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்தைக் கதீட்ரல் என்கிறோமே, அதுவும் கதிரையும் ஒரே வேரில் வந்தவை. ஆயரின் இருக்கைக்கு லத்தீனில் கதெத்ரா என்று பெயர். லத்தீனும் அதைக் கிரேக்கரிடம் வாங்கியதுதான்.

இதெல்லாம் கடன். சொந்தம் வேறு. அந்தச் சுவர்க் கலண்டரைப் பாரும்: செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பர், டிசம்பர். பழைய ரோமரின் ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் இவை ஏழாம், எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாதங்கள். லத்தீனில் செப்தெம், ஒக்தோ, நொவெம், தெக்கெம். இனி வெள்ளவத்தைச் சந்தையில் சிங்களத்தில் எண்ணுகிறவரைக் கேளும்: ஹத, அட, நவய, தஹய. பாளியில் சத்த, அட்ட, நவ, தச. சிங்களத்தில் பழைய 'ச' பல இடங்களில் 'ஹ' ஆனது. அதை மீட்டு வைத்தால் வரிசை முழுவதும் லத்தீனோடு பொருந்திவிடும். 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் ஒரு பொது மூலம் இருக்கவேண்டும் என்றது இப்படியான பொருத்தங்களை வைத்துத்தான்.

'எங்கள் எட்டும் அட்ட போலத்தானே' என்பீர். எண்பது என்று சொல்லிப் பாரும், கன்னடத்தில் எண்டு. எங்கள் வேர் 'எண்'. ஒற்றைச் சொல் ஒத்துப்போவது தற்செயல். வரிசையாக, ஒரே விதிப்படி ஒத்துப்போனால்தான் சொந்தம்.

லத்தீன் தனிப்பிள்ளையும் அல்ல. ரோமைச் சுற்றிய சின்னப் பிரதேசத்தின் பேச்சு அது. ஒஸ்கன், உம்ப்ரியன் எல்லாம் உடன்பிறப்புகள். அவற்றை இத்தாலிக் மொழிகள் என்பார்கள். லத்தீனில் 'க்வ' வரும் இடத்தில் அவர்களுக்கு 'ப': யார் என்பதற்கு லத்தீனில் க்விஸ், ஒஸ்கனில் பிஸ், நான்குக்கு லத்தீனில் க்வத்துவோர், ஒஸ்கனில் பெதோர. உம்ப்ரியனில் சடங்கு முறைகளைப் பொறித்த ஏழு வெண்கலத் தகடுகள் 1444இல் குபியோவில் அகப்பட்டன. கி.பி. 79இல் எரிமலை புதைத்த பொம்பேயிச் சுவர்களில் ஒஸ்கன் எழுத்து இருக்கிறது. ரோமின் ஆட்சி பரவப் பரவ லத்தீன் மிஞ்சியது, மற்றவை ஓய்ந்தன. லத்தீன் இனிமையால் வென்றது என்று யாராவது சொன்னால் நம்பாதேயும்.

பக்கத்திலேயே எத்ருஸ்கன் இருந்தது. ரோமரின் எழுத்தே அவர்கள் கைவழி வந்ததுதான், ஆனால் அவர்கள் மொழி இந்தக் குடும்பம் இல்லை. இங்கே சிங்களத்துக்குப் பக்கத்தில் தமிழ் இருக்கிற மாதிரி. சிங்களத்தில் மூத்த சகோதரியை அக்கா என்பது எங்களிடம் வாங்கியது. ஹதவையும் தஹயவையும் அவர்கள் யாரிடமும் வாங்கவில்லை.