கடல்நீர் மீன்தொட்டியில் நீரின் இரசாயனம்

வீட்டில் கடல்மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, க.பொ.த. (சாதாரண தர) மாணவருக்கு ஒரு சிறிய ஆய்வுகூடமாகும். நைதரசன் வட்டம், அமிலமும் மூலமும், செறிவு, அடர்த்தி என வெவ்வேறு அலகுகளில் தனித்தனியே படித்தவை அங்கே ஒரே நீரில் ஒருங்கே நிகழ்கின்றன. அதனால் ஒன்றைத் திருத்தப்போய் இன்னொன்றைக் கெடுப்பதும் எளிது. பின்வரும் நிலைமையைக் கருதுக.

ஒரு தொட்டியில் 100 லீற்றர் கடல்நீர் உண்டு. அதை அமைத்து மூன்று வாரங்களே ஆகின்றன. இரண்டு கோமாளி மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. பூமூடிகள் விரைவாக அசைகின்றன. நீரைச் சோதித்தபோது கிடைத்த அளவீடுகள்: மொத்த அமோனியா லீற்றருக்கு 1 மில்லிகிராம், பீஎச் பெறுமானம் 7.7, சாரடர்த்தி 1.029, வெப்பநிலை 28 பாகை செல்சியசு.

இயற்கைக் கடல்நீரின் பீஎச் பெறுமானம் ஏறத்தாழ 8.1 என்பதை அறிந்த ஒருவர் உடனே என்ன செய்வார்? பீஎச் குறைந்துவிட்டது, சலவைச்சோடாவைக் கரைத்து ஊற்றி உயர்த்துவோம் என்பார். பார்வைக்குச் சரியான விடைதான். ஆனால் அவ்வாறு செய்தால் மீன்கள் இறக்கக்கூடும்.

காரணம் நீங்கள் ஏற்கெனவே படித்ததே. அமோனியம் உப்பொன்றுடன் சோடியம் ஐதரொட்சைட்டைச் சேர்த்து வெப்பமேற்றினால் காரமணமுள்ள அமோனியா வாயு வெளியேறும் அல்லவா? தொட்டியிலும் அதே சமநிலைதான். மீன் கழிக்கும் அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அமோனியம் அயன் ஓரளவு தீங்கு குறைந்தது. ஏற்றமற்ற அமோனியா மூலக்கூறு பூக்களினூடாக உடலினுள் எளிதாகப் புகும் நஞ்சு. மூலத்தன்மை கூடக் கூட, முதலாவது இரண்டாவதாக மாறும். பீஎச் ஓர் அலகு உயர்ந்தால் நச்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்காகும். 7.7 இலிருந்து 8.3 இற்கு உயர்ந்தாலே அது நான்கு மடங்கை அண்மிக்கும். மொத்த அமோனியாவின் அளவீடோ அதே 1 மில்லிகிராமாகவே நிற்கும்! சோதனைத் தாளை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது அமோனியா. உணவிடுதலை நிறுத்த வேண்டும். பழைய தொட்டியொன்று அருகில் இருப்பின், உவர்த்தன்மையைச் சிறிது சிறிதாகப் பழக்கி மீன்களை அதற்கு மாற்றுவதே மேல். இல்லையெனில், அலங்கார மீன் கடைகளில் விற்கப்படும் அமோனியாவைப் பிணைக்கும் நீர்மருந்தை இட்டபின், நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். மருந்து ஏன் முதலில்? புதிய கடல்நீரின் பீஎச்சும் கூடியது. அதுவும் சமநிலையை நச்சு வடிவத்தின் பக்கமே தள்ளும்.

அமோனியா ஏன் தேங்கியது? நைத்திரசோமோனாசு போன்ற பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறு பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாகவும் ஒட்சியேற்றுகின்றன. (இவ்விரு சொற்களிலும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு, பரீட்சையில் அது மாறினால் விடையும் மாறிவிடும்.) இரண்டாம் படிக்கு நைத்திரோபக்ரர் என்றே பாடநூல்களில் எழுதுவது வழக்கம். மீன்தொட்டிகளில் அதைச் செய்வது பெரும்பாலும் நைத்திரோஸ்பைரா என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. விடையில் பாடநூற் பெயரையே எழுதுங்கள். இப்பற்றீரியாக்கள் மணலிலும் கல்லிலும் போதியளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு தொடக்கம் ஆறு வாரங்கள் வேண்டும். நமது தொட்டிக்கு வயது மூன்று வாரம். கோளாறு நீரில் அன்று, அவசரத்தில்.

இனி பீஎச்சுக்கு வருவோம். அது குறைவதற்கு இரண்டு காரணங்கள் முக்கியமானவை. அடைத்த அறையில் காபனீரொட்சைட்டு கூடி, நீரில் கரைந்து காபோனிக்கமிலத்தைத் தோற்றுவிக்கலாம். அல்லது, அமோனியா ஒட்சியேறும்போது உண்டாகும் அமிலம், நீரிலுள்ள ஐதரசன் காபனேற்றைத் தீர்த்திருக்கலாம். எது என்பதை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தொட்டி நீரில் ஒரு குவளை எடுத்து, வீட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் வளியூட்டி மீண்டும் அளக்கவும். பீஎச் தெளிவாக உயர்ந்தால் குற்றவாளி காபனீரொட்சைட்டு. யன்னலைத் திறப்பதே மருந்து. உயராவிட்டால் ஐதரசன் காபனேற்றுப் போதாது. அமோனியா பூச்சியத்துக்கு வந்தபின் அதைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

சாரடர்த்தி 1.029 என்பதும் கூடுதலே. கடல்நீருக்கு ஏறத்தாழ 1.026 இருக்க வேண்டும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. லீற்றருக்கு 35 கிராம் வீதம் 100 லீற்றரில் 3500 கிராம் உப்பு உண்டு. 10 லீற்றர் ஆவியானால் 3500 ஐ 90 ஆல் வகுக்க, லீற்றருக்கு 38.9 கிராம். குறைந்த மட்டத்தை நன்னீரால் நிரப்ப வேண்டும், அதுவும் சில நாட்களில் மெதுவாக.

எந்த நன்னீர்? குழாய்நீரெனில் குளோரீனை அகற்றாமல் ஊற்றக்கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பிரதேசக் கிணறுகள் பலவற்றில், விவசாயப் பசளையாலும் மலசலக் குழிகளாலும் நைத்திரேற்றுக் கூடியுள்ளது. அத்தகைய நீரை வாராவாரம் ஊற்றினால் தொட்டியில் நைத்திரேற்றுச் சேர்ந்துகொண்டே போய் அல்காக்கள் பெருகும். கொதிக்கவைத்து ஊற்றலாமே என்று சிலர் கேட்பர். கொதித்தால் நீர்தான் குறையும். நைத்திரேற்று அப்படியே இருந்து செறிவு கூடும். காய்ச்சி வடித்த நீர் பொருத்தமானது.

பயிற்சி வினா: மேற்கூறிய தொட்டியில் 10 லீற்றர் ஆவியானபின், நன்னீருக்குப் பதிலாக லீற்றருக்கு 35 கிராம் உப்புக் கொண்ட கடல்நீர் 10 லீற்றர் ஊற்றப்பட்டால் உப்பின் புதிய செறிவு யாது? (விடை: லீற்றருக்கு 38.5 கிராம்)