கடற்கரை வீட்டில் கம்ப்யூட்டரா? குறைந்த செலவில் ஒரு மர ரேக்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும்போது எந்த பிராசசர், எவ்வளவு ராம், எஸ்.எஸ்.டி. உண்டா என நான்கு கடைகளில் ஏறி இறங்கி விசாரிக்கிறோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அதனை எதன் மேல், எந்த இடத்தில் வைக்கப் போகிறோம் என்பதைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை. கடையில் சேர்த்துக் கொடுக்கும் டேபிள் போதும் என விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டேன்.

எங்கள் வீடு பாம்பனில் உள்ளது. 2020ல் என் தங்கையின் ஆன்லைன் வகுப்புக்காக ஒரு டெஸ்க்டாப் வாங்கிக் கொடுத்தேன். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு டேபிள் ஒன்றும் அதனுடன் வந்தது. இரண்டு மழைக்காலம் தாங்கியது. 2022 நவம்பரில் ஓர் இரவு, சி.பி.யு. இருந்த தட்டு திருகாணிகளோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது. அப்போது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும்போது அடிபட்டால், தகவலைப் படிக்கும் முனை தட்டின் மேல் உரசிவிடும். எங்கள் டிஸ்க்கில் அதுதான் நடந்தது.

தங்கையின் பாடக் குறிப்புகளை அவளது தோழிகளிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டோம். வாங்க முடியாதது ஒன்றும் அதில் இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது என் தாத்தா இளைஞர். அந்த இரவைப் பற்றி அவர் சொன்னதை 50 நிமிடம் பதிவு செய்து அந்த டிஸ்க்கில் வைத்திருந்தேன். 2021ல் அவர் காலமானார். அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்த முதல் நான்கு நிமிடங்கள் மட்டும் இன்று எங்களிடம் உள்ளன.

அதன் பிறகுதான் கடற்கரையில் கம்ப்யூட்டரை எப்படி வைப்பது என உட்கார்ந்து யோசித்தேன். 2023 பொங்கல் விடுமுறையில் நானே ஒரு மர ரேக் செய்தேன். அதனை நீங்களும் செய்துகொள்ளும் முறையை இங்கு பார்க்கலாம்.

உப்புக் காற்று என்ன செய்கிறது?

பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் ஊரில் வடகடல், தென்கடல் என்போம். வாடை அடித்தாலும் சோழகம் அடித்தாலும் கடலைத் தொட்டுத்தான் காற்று வீட்டுக்குள் வரும். அலை சிதறும்போது எழும் நுண்ணிய துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் தூளாகின்றன. அந்தத் தூள், சி.பி.யு. ஃபேன் இழுக்கும் காற்றோடு உள்ளே போய் மதர்போர்டில் படிகிறது.

உலர்ந்த உப்பால் பெரிய கெடுதல் இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். மழை நாளில் சமையலறையில் கல் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கசிவு மதர்போர்டில் ஏற்பட்டால், மின்சாரம் போகக் கூடாத வழியில் போகும். செம்புக் கோடுகளும் பின்களும் பச்சை பூத்து அரிக்கும்.

இதன் வேகம் எவ்வளவு என அறிய எங்கள் ஊர்ப் பாலத்தைப் பார்த்தால் போதும். 1914ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் துருவுடன் போராடுவது ஓயாத வேலையாக இருந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6ல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்னும் சிறப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் உலோகங்களின் அரிப்பை ஆராய, பாலத்தின் அக்கரையிலுள்ள மண்டபத்தில் ஒரு மையம் வைத்துள்ளது. ரயில் பாலத்துக்கே இந்தப் பாடு என்றால், மெல்லிய தகரத்தில் செய்த கம்ப்யூட்டர் ஸ்டாண்டு எத்தனை நாள் நிற்கும்?

ஏன் மரம்?

சாதாரண இரும்பு ஸ்டாண்டில் வெல்டிங் செய்த இடத்தில்தான் முதலில் பெயிண்ட் உரியும். துரு உள்ளுக்குள் வேலை செய்வது வெளியே தெரியாது. பார்ட்டிகிள் போர்டு ஈரத்தில் ஊதும். ஒருமுறை ஊதியது பழைய நிலைக்குத் திரும்பாது. உள்ளே தூள் நெகிழ்ந்து திருகாணியின் பிடி விட்டுவிடும். எங்கள் டேபிளில் நேர்ந்தது இதுவே.

முழு மரமும் மழையில் சற்று உப்பும், வெயிலில் சுருங்கும். ஆனால் திருகாணியை விடாது. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் வல்லம் கட்டும் ஆசாரி ஒருவர். "மரத்தைக் கண்டு பயப்படாதே தம்பி. மூடி வைக்காமக் காத்துப் போக விட்டா அது பாட்டுக்கு இருக்கும்" என்றார். இந்த ரேக்கில் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட பட்டைகளை அடித்திருப்பதற்குக் காரணம் அவர்தான்.

எந்த மரம் வாங்குவது?

கறையான் எளிதில் அண்டாததாலும் விலை குறைவு என்பதாலும் நான் வேம்பு வாங்கினேன். பழைய வீடு இடித்த தேக்குச் சட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் ஆணி புதைந்திருக்கிறதா எனப் பார்த்துவிட்டு அறுக்கக் கொடுங்கள். பச்சை மரம் வேண்டாம். காய்ந்தபின் அது முறுக்கிக்கொள்ளும். நன்கு காய்ந்த மரம் பச்சை மரத்தைவிட எடை குறைவாக இருக்கும். தட்டினால் கணீர் எனக் கேட்கும்.

தேவையான பொருட்கள்

மரக்கடையிலேயே கீழ்க்கண்ட அளவில் அறுத்து வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

* கால்கள்: 2 x 2 அங்குலக் கட்டை, 40 அங்குல நீளத்தில் 4.
* பக்கச் சட்டங்கள்: 2 x 1½ அங்குல ரீப்பர், 20 அங்குல நீளத்தில் 6.
* தட்டுக்கான பட்டைகள்: 2 அங்குல அகலம், ¾ அங்குல கனம், 18 அங்குல நீளத்தில் 21.
* பின்பக்கக் குறுக்குப் பட்டை: அதே கனத்தில் 44 அங்குல நீளத்தில் 1.
* பித்தளைத் திருகாணிகள்: 2½ அங்குலத்தில் 24, 1½ அங்குலத்தில் 46.
* உப்புத்தாள், வார்னிஷ், கால்களுக்கு ரப்பர் புஷ் 4.

எனக்கு மரத்துக்கு 1,150 ரூபாய், திருகாணிகளுக்கு 420, உப்புத்தாளும் வார்னிஷும் 280, ரப்பர் புஷ் 40 என மொத்தம் 1,890 ரூபாய் செலவானது. ரம்பம், உளி, டிரில் ஆகியவற்றை ஆசாரியிடம் இரவல் வாங்கினேன்.

திருகாணியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இரும்புத் திருகாணி துருப்பிடித்தால் அதைச் சுற்றியுள்ள மரமும் கறுத்து உளுத்துப் போகும்.

செய்யும் முறை

1. ஒவ்வொரு காலிலும் ஒரு பக்கத்தில் மட்டும் மூன்று காடிகள் வெட்ட வேண்டும். ஆழம் ½ அங்குலம், உயரம் 2 அங்குலம். அடியிலிருந்து அளந்தால் முதல் காடி 4 முதல் 6 அங்குலம் வரை, இரண்டாவது 14 முதல் 16 வரை, மூன்றாவது 38 முதல் 40 வரை. நான்கு கால்களையும் சேர்த்து வைத்து ஒரே கோடாகக் குறித்துக்கொண்டால் அளவு மாறாது.

2. இரண்டு கால்களைக் காடி மேலே தெரியும்படி தரையில் படுக்க வைக்கவும். ஒரு காலின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் வெளி விளிம்புவரை 20 அங்குலம் இருக்கட்டும். காடிகளில் மூன்று சட்டங்களைப் பொருத்தினால் ஏணி போலத் தெரியும். குறுக்காக இரு மூலைகளையும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் ஏணி கோணாமல் உள்ளது என்று பொருள்.

3. ஒவ்வொரு இணைப்பிலும் 2½ அங்குலத் திருகாணி இரண்டு. முதலில் டிரில்லால் சிறு துளை இடவும். பித்தளை மென்மையானது. நேரடியாக முறுக்கினால் தலை அறுந்துவிடும். அதே அளவு இரும்புத் திருகாணி ஒன்றை முதலில் முறுக்கிக் கழற்றிவிட்டு, பித்தளைத் திருகாணியில் சிறிது சோப்பு தடவி முறுக்குங்கள். இதே போல இரண்டாவது ஏணியையும் செய்யவும்.

4. சட்டங்கள் உள்பக்கம் வருமாறு இரண்டு ஏணிகளையும் எதிரெதிரே நிறுத்துங்கள். கால்களுக்கு இடையே 18 அங்குலம் இருக்க வேண்டும். ஒரு தட்டுக்கு 7 பட்டைகள். இடையில் 1 அங்குலம் விட்டு அடுக்கினால் 20 அங்குல ஆழத்துக்குச் சரியாக இருக்கும். பட்டையின் ஒவ்வொரு முனையிலும் 1½ அங்குலத் திருகாணி ஒன்று போதும். முனை பிளக்காமல் இருக்க இங்கும் முதலில் துளையிட வேண்டும்.

5. பின்பக்கம் மூலைக்கு மூலையாகக் குறுக்குப் பட்டையை வைத்து முனைக்கு இரண்டு திருகாணிகள் அடித்து, நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிடவும். இது இல்லாவிட்டால் ரேக் பக்கவாட்டில் ஆடும்.

6. உப்புத்தாள் தேய்த்து இரண்டு கை வார்னிஷ் அடிக்கவும். மரம் அறுபட்ட முனைகள்தான் ஈரத்தை அதிகம் குடிக்கும் என்பதால் அங்கு மூன்றாவது கை அடிப்பது நல்லது. வாசனை முழுவதும் போகும்வரை காயவிட்ட பிறகே கம்ப்யூட்டரை ஏற்றுங்கள்.

எதனை எங்கே வைப்பது?

கீழ்த்தட்டு யு.பி.எஸ்.ஸுக்கு. பேட்டரியின் எடை கீழே இருந்தால் ரேக் சாயாது. தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருப்பதால் தரை ஓதமும் வீடு கழுவும் தண்ணீரும் எட்டாது. நடுத்தட்டில் சி.பி.யு. அதற்கு மேலே அரையடி வரை காற்றுக்கு இடம் கிடைக்கும். மேல்தட்டில் மோடமும் ரூட்டரும்.

ரேக்கைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வையுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்க வேண்டாம். பட்டைகளின் மேல் துணியோ செய்தித்தாளோ விரிக்கக் கூடாது. காற்று அடைபடும், யு.பி.எஸ். சூட்டில் தீ அபாயமும் உண்டு. ஸ்பைக் பஸ்டரைத் தரையில் போடாமல் பக்கச் சட்டத்தில் பொருத்துங்கள். அதற்கு வரும் வயர் சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும். வயரில் தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்கிற்குள் போகாது. எர்த் சரியாக உள்ளதா என எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில குறிப்புகள்

கம்ப்யூட்டர் வீணாகிவிடும் எனப் பயந்து பலர் அதனைப் பூட்டியே வைக்கிறார்கள். கடற்கரையில் இது தவறு. 30 டிகிரியில் 80 சதவீதம் ஈரப்பதமுள்ள காற்று, சி.பி.யு.வுக்குள் 40 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.

ஆஃப் செய்தவுடன் பிளாஸ்டிக் கவரால் மூட வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். நன்கு ஆறிய பிறகு மெல்லிய பருத்தித் துணி போர்த்தினால் போதும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் ஃபேன் ஜன்னல்களில் படிந்த தூசியை எடுங்கள். ஈரத்துணி கூடாது. உப்பும் ஈரமும் சேரக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனையும். ஆண்டுக்கு ஒருமுறை, வாடைக்காற்று தொடங்கும் முன், திருகாணிகளை இறுக்கி ஒரு கை வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

எங்கள் ரேக் இன்றும் அசையாமல் நிற்கிறது. ஆனால் எவ்வளவு நல்ல ரேக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஆயுள் எழுதிக் கொடுக்காது. உங்களுக்கு வேண்டிய போட்டோ, பத்திரம், குரல் எதுவானாலும் இன்னொரு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். எங்கள் காப்பி இப்போது மதுரையில் அத்தை வீட்டில் இருக்கிறது. தாத்தாவின் அந்த நான்கு நிமிடங்களும் அதில் உள்ளன.

மரக்கடைக்குப் போகும் முன் உங்கள் சி.பி.யு.வின் உயரத்தை மட்டும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். மேலே தந்த அளவு 18 அங்குல உயரமுள்ள கேபினட்டுக்கானது. உங்களுடையது அதைவிட உயரம் என்றால் காலின் நீளத்தையும் மூன்றாவது காடியையும் அதே அளவு உயர்த்திக்கொள்ளுங்கள். பின்பக்கக் குறுக்குப் பட்டையையும் அதற்கேற்ப நீளமாக வாங்க வேண்டும்.