சட்டைப் பொத்தான்

1917 மார்ச்சில், அமெரிக்காவின் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஆறு பேர் ஒரு வீட்டில் கூடி, செயல்வழிச் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபிக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். வீட்டுக்காரர் ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோய் கண்டு, இடப்பக்கம் செயலிழந்து, தச்சுவேலையும் தோட்டவேலையும் செய்தே தேறியவர். அவருடைய செயலர் இசபெல் நியூட்டனும் அந்த அறுவரில் ஒருவர். மறு ஆண்டே இருவரும் மணந்துகொண்டார்கள். நோயாளிக்கும் துணை வேண்டும் என்பதற்கு அந்த வீடே சாட்சி. ஆனால் அங்கே பிறந்த வைத்தியம் கூடை, தறி, மரவேலை என்று கைகளோடு நின்றுகொண்டது.

அன்று தொடங்கிய அந்த அமெரிக்கச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, துணையோடு உறவைத் தொடங்குவதையும் பேணுவதையும் அன்றாடச் செயல்களில் ஒன்றாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட இளைஞன் "டேட்டிங் போகணும்" என்றால் இன்று அதையே சிகிச்சையின் இலக்காக எழுதிக்கொள்ளலாம். பயிற்சி சட்டையில் தொடங்கும். விரல் மடங்காத கையில் தடித்த பிடியுள்ள ஒரு கம்பிக் கொக்கி. அதைத் துளை வழியே விட்டு, பொத்தானைக் கவ்வி, திருப்பி இழுக்க வேண்டும். ஒரு பொத்தானுக்கே பல நிமிடம் போகும். பிறகு உணவகத்து வாசலில் படியா சரிவா, மேசைக்கடியில் சக்கர நாற்காலி நுழையுமா, சிறுநீர்க் குழாய் வைக்கும் வேளை எது, பிறர் வெட்டித் தராமல் எதைச் சாப்பிடலாம் என்று ஒவ்வொன்றாக வரும். தன் உடம்பைப் பற்றி எதிரில் இருப்பவரிடம் எப்போது, எவ்வளவு சொல்வது? பழகிப் பார்க்க வேண்டியவற்றில் இதுவே கடினம் என்று நினைக்கிறேன். இதையும் வைத்தியம் என்று ஏற்றுக்கொண்டது பெரிய மாற்றம், மனம் நிறைகிறது.

ஆனால் அதைப் பழகுவதற்கான நாள்கள்தான் குறைந்துவிட்டன. அமெரிக்காவில் தண்டுவடம் அடிபட்டவர் 1970களில் மறுவாழ்வு மருத்துவமனையில் சராசரியாக 98 நாள் தங்கினார். இன்று ஏறக்குறைய 31 நாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், குளிக்கவும், உண்ணவும் பழகவே அந்த நாள்கள் போதவில்லை. அன்று டேட்டிங் சிகிச்சையின் இலக்காக எழுதப்படாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்று மாதம் ஒரே கூடத்தில் படுத்திருந்தவர்களுக்குள், விளக்கணைந்த பிறகு, அந்தப் பேச்சு எழ நேரமிருந்தது. இன்று மேல் பொத்தான் பிடிபடுவதற்குள் வீட்டுக்குப் புறப்படும் நாள் வந்துவிடுகிறது. துணிகளோடு அந்தக் கொக்கியையும் பையில் வைத்து அனுப்புகிறார்கள்.