பழைய சுவர்கள் – 14: பின்வாங்காத குதிரைகள்

லாஸ் ஏஞ்சல்ஸ் பிளாசா சதுக்கம், 1884இல் எழுந்த இரண்டு மாடிச் செங்கல் தீயணைப்பு நிலையம், கட்டட வரைஞர் வில்லியம் போரிங். போன வாரம் படித்தவர்களுக்கு இது போதும். அது அருங்காட்சியகமான கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். ஆனால் வாசலைத் தாண்டுமுன் தரை பிடித்துக்கொண்டது.

தரைக்குள் ஒரு சுழல்மேடை!

போரிங் இல்லினாய்க்காரர். தன் ஊர்ப்பக்கத்து வழக்கப்படி, வண்டி நிற்கும் கூரைக்குக் கீழேயே லாயத்தையும் வைத்தார். வண்டியில் பூட்டிய குதிரையை முன்னால் ஓட்டலாம். பின்னால் தள்ளுவது பெரும்பாடு. தேரை மாடவீதி முனையில் திருப்ப முட்டுக்கட்டைக்காரர்கள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே மேடை சுழலும். குதிரை ஓரடிகூடப் பின்வாங்க வேண்டாம்.

இதோடு அக்கால அமெரிக்க நிலையங்களின் இன்னொரு தந்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் பழகிய குதிரைகள் தாமாக வண்டிக்கு முன்னால் வந்து நிற்கும். மேலே தொங்கும் சேணம் முதுகில் இறங்கும். கழுத்துப்பட்டையை ஒரு சொடுக்கில் பூட்டிவிடுவார்கள். குதிரை தயார்; ஆட்கள் எங்கே? மாடியில், படிக்கட்டில் முட்டிக்கொண்டிருப்பார்கள்.

அதற்கும் வழி பிறந்தது குதிரைத் தீவனத்தால்தான். சிகாகோவில் 21ஆம் எண் படை, கறுப்பின வீரர்களின் படை. காய்ந்த புல்லை மேல்மாடியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது மணி அடிக்க, புல் பாரத்தை இறுக்கும் மரக்கம்பத்தைப் பிடித்து ஒருவர் சறுக்கி இறங்கிவிட்டார். கேப்டன் டேவிட் கென்யன் அதைப் பார்த்து, 1878இல் மாடித் தளத்தில் துளை போட்டு நிரந்தரமாகவே ஒரு கம்பம் நட்டார். மற்ற படைகள் சிரித்தன. 21ஆம் படை முந்திக்கொண்டு போய்ச் சேரத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. 1880இல் பாஸ்டனில் அதுவே பித்தளைக் கம்பமானது. இன்று எந்தத் தீயணைப்பு அருங்காட்சியகத்திலும் குழந்தைகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பது அதைத்தான். என் கட்சி வேறு: முதலில் தரையைப் பாருங்கள். குதிரைக்காகக் கட்டிய வீடு அது. மனிதர்கள் மாடிக் குடித்தனக்காரர்கள்.

பிளாசா நிலையத்தில் அந்தக் குடித்தனம் 1897 வரைதான். பிறகு அந்தக் கட்டடம் சாராயக்கடை, சுருட்டுக்கடை, மலிவு விடுதி, சீனச் சந்தை, மருந்துக்கடை என்று ஒவ்வொன்றாக வேஷம் கட்டியது. 1950களில் புதுப்பிக்க வந்தவர்கள் முன் இத்தனை வேஷங்களும் இருந்தன. அவர்கள் தீயணைப்பு நிலையத்தையே திரும்பக் கொண்டுவந்தார்கள். 1960இல் அருங்காட்சியகம் திறந்தது. சாராயக்கடையும் அந்தக் கட்டடத்தின் வரலாறுதானே, அதைத் துடைத்தது சரியா? எனக்கு இதில் ஒரு வழக்கு உண்டு. அடுத்த வாரம், குதிரைகள் குறுக்கே வராவிட்டால்.

(தொடரும்)