கையில் டிக்கெட், தலைமாட்டில் பை

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு முதல் நாள் ராத்திரித் தங்கல்தான். காலையில் மையத்தின் வாசலில் நிற்க வேண்டுமென்றால் முந்தின இரவே ஊர் போய்ச் சேர வேண்டும். தேர்வு நாளில் லாட்ஜ் வாடகை ஏறிக்கிடக்கும். தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுக்கத் தயங்குகிறவர்களும் உண்டு. 2025 மார்ச்சில் ரயில்வேயின் உதவி லோகோ பைலட் தேர்வுக்குத் தமிழ்நாட்டுத் தேர்வர்கள் பலருக்குத் தெலங்கானாவில் மையம் ஒதுக்கினார்கள். அவ்வளவு தூரம் போகிறவர் கையில் லாட்ஜுக்கு என்ன மிஞ்சும்?

தென்காசிப் பக்கத்திலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் சென்னைக்கும் தேர்வெழுதப் போகும் நான் ரயில் நிலையத்தில்தான் படுக்கிறேன். எப்படி என்று தங்கைமார் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட். பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும்; அதை நம்பி இரவைக் கழிக்க முடியாது. 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவில்லா டிக்கெட்டுக்கும் கெடு உண்டு. எடுத்த மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்கான அடுத்த முதல் ரயிலில் கிளம்பிவிட வேண்டும். அதனால் நான் திரும்பும் பயணத்துக்கு இரண்டாம் வகுப்பு இருக்கையை முன்பதிவு செய்துகொண்டுதான் வீட்டைவிட்டுப் புறப்படுவேன். நடுராத்திரியில் யாராவது எழுப்பிக் கேட்டால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம்.

கொஞ்சம் காசு இருந்தால் டார்மிட்டரி நல்லது. பெரிய நிலையங்களில் ஓய்வறையும் டார்மிட்டரிப் படுக்கையும் உண்டு. உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி.யோ இருந்தால் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலேயே பதிவு செய்யலாம். வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் கிடைக்காது. டார்மிட்டரி நிரம்பிவிட்டால் பெண்கள் காத்திருப்பு அறை. அதுவும் இல்லாத ஊரில் பொது ஹால்.

ஹாலில் இடம் பிடிக்க ஒரு கணக்கு வேண்டும். சுவரோரமாக, விளக்கு வெளிச்சத்தில், குழந்தைகளோடு வந்த குடும்பத்துக்குப் பக்கத்தில் படுப்பேன். ரயில்வே போலீஸ் அறை கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது. பெரிய பையைப் பூட்டி கிளோக் ரூமில் போட்டுவிடுவேன். பூட்டில்லாத பையை அங்கே வாங்க மாட்டார்கள். ஹால் டிக்கெட், அடையாள அட்டை, பணம் மூன்றும் சின்னப் பையில், வாரைக் கையில் சுற்றித் தலைக்கடியில். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கண்ணயரவே கூடாது. ஏதாவது தொந்தரவென்றால் ரயில்வே உதவி எண் 139.

விளக்கை அணைக்க மாட்டார்கள், அறிவிப்பும் ஓயாது. துப்பட்டாவைக் கண்ணுக்குக் கட்டிக்கொண்டால் மூன்று நான்கு மணி நேரம் தூங்கலாம். அது போதும்.

அங்கே படுத்திருப்பவர்களைப் பார்த்தால் ரயில் நிலையம் எதற்கு இருக்கிறது என்று விளங்கும். பெரியாஸ்பத்திரிக்கு வந்த கணவன் மனைவி, ராமேஸ்வரம் போகும் வடநாட்டுப் பெரியவர்கள், கட்டட வேலைக்கு வந்த பையன்கள், என்னைப்போலப் புத்தகத்தோடு இருக்கும் பெண்கள். "பாப்பா, பையைக் கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்று ஒரு அம்மா பாத்ரூமுக்குப் போவார். திரும்பி வந்ததும், "இனி நீ தூங்கு, நான் முழிச்சிருக்கேன்" என்பார். காவலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நிலையங்களைப் புதுப்பிக்கும் வேலை இப்போது பல ஊர்களில் நடக்கிறது. மணிக்கணக்கில் காசு வாங்கும் குளுகுளு அறைகள் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் காசில்லாமல் உட்காரவும் படுக்கவும் இருக்கும் ஹால் அதனால் சுருங்கக் கூடாது. கழுவிவிட்ட தரை, ஓடும் மின்விசிறி, தாழ்ப்பாள் உள்ள பெண்கள் கழிப்பறை, குடிக்கத் தண்ணீர் ஆகிய நான்கும் இருந்தால் போதும். தேர்வு மையம் எத்தனை தூரத்தில் விழுந்தாலும் ஏழை வீட்டுப் பெண் துணிந்து கிளம்பிவிடுவாள்.